வீட்டு அழுக்கும் ஆற்று நீரும்

மாசி மாதம் பிறந்துவிட்டால் மாத்தளை நகரத் தெருக்களுக்குப் புதியதொரு சுறுசுறுப்பு வந்துசேரும். முத்துமாரியம்மன் கோயிலின் ஐந்து தேர்களும் மாசி மகத்தையொட்டி வீதிவலம் வரவிருக்கின்றன. மலைத்தோட்டங்களிலிருந்து அடியார்கள் குடும்பங் குடும்பமாக இறங்கி வருவர். தூரத்து உறவினர் வந்து தங்குவர். ஆதலின் தேருக்கு முன்னதாக வீடுகள் யாவும் கழுவப்படுகின்றன. ஒட்டறை அடிக்கப்படுகிறது, பாய்களும் தலையணைகளும் வெயிலிற் காய்கின்றன, குத்துவிளக்குகள் முற்றத்துக்கு வந்து புளிக்காகக் காத்திருக்கின்றன. தரையில் வாளி வாளியாக நீர் ஊற்றப்பட்டு, நுரையும் நறுமணமும் எழத் தேய்க்கப்பட்டு, வாசற்படி வழியே வெளியே தள்ளப்படுகிறது. மாலையில் அவ்வீட்டினுள் நுழைபவர், எவ்வளவு துப்புரவு என்று மனமகிழ்வர்.

வெளியே தள்ளப்பட்ட அந்நீர் எங்கே போயிற்று? இக்கேள்வியைப் பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை. அது வாசற்கானுக்குப் போயிற்று. வாசற்கானிலிருந்து தெருக்கானுக்கும், தெருக்கானிலிருந்து சுதுகங்கைக்கும் போயிற்று. 'சுது' என்னுஞ் சிங்களச் சொல்லுக்கு வெண்மை என்பது பொருள். தெளிந்த நீரால் அப்பெயர் பெற்றிருக்கக்கூடிய ஆற்றுக்கு, இன்று சவர்க்கார நுரையாலும் சிறிது வெண்மை சேர்கிறது.

சுதுகங்கையோ மாத்தளையோடு நின்றுவிடும் ஆறு அன்று. 1976ஆம் ஆண்டு முதல், பொல்கொல்லையில் மறிக்கப்பட்ட மகாவலி நீரின் ஒரு பங்கு ஏறக்குறைய 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியே உக்குவளை மின்நிலையத்துக்கு வந்து, அங்கிருந்து சுதுகங்கையில் விழுகின்றது. வடக்கு நோக்கி ஓடும் அவ்வாறு அம்பன் கங்கையோடு சேர்ந்து போவத்தென்ன நீர்த்தேக்கத்தை அடைகின்றது. அங்கே நீர் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கூறு மலையைக் குடைந்த வழியே கலாவாவிப் பக்கம் செல்கிறது. மற்றைக் கூறு மொரகஹகந்த நீர்த்தேக்கத்தையும், அதற்குக் கீழே பழம்பெரும் எலஹெர அணைக்கட்டையும் சேர்கிறது. எலஹெரக் கால்வாய் மின்னேரிக் குளத்துக்கு நீர் கொடுக்கிறது. இன்னுங் கீழே அங்கமெடில்ல அணைக்கட்டிலிருந்து பராக்கிரம சமுத்திரம் நிறைகிறது. எஞ்சிய நீர் மீண்டும் மகாவலியிற் கலந்து, மூதூரை அடுத்த கொட்டியாரக் குடாவிற் கடலடைகிறது. மாத்தளை நகரில் ஓர் இல்லத்தரசி தரையைக் கழுவி வெளியே தள்ளிய நீருக்கு முன்னே இத்துணை நெடிய வழி கிடக்கின்றது. அவ்வழியில் நெல் விளைவோர் உளர். மீன் பிடிப்போர் உளர். அந்நீரைச் சுத்திகரித்துக் குடிப்போரும் உளர்.

குடிப்போர் நிலையைத் தனியே எண்ணிப் பார்த்தல் வேண்டும். மாத்தளை மாவட்டத்தின் தெற்கும் கிழக்கும் மலைநாடு. வடக்கோ வறண்ட நாடு. வில்கமுவ போன்ற பகுதிகளில், காரணம் முற்றும் துணியப்படாத சிறுநீரக நோய் பல குடும்பங்களை வருத்தியுள்ளது. நிலத்தடி நீரைக் குடிக்கவே அப்பகுதி மக்கள் அஞ்சுகின்றனர். கிணற்றை நம்ப இயலாதவனுக்கு ஆறும் குளமுமே கதி. 2018ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்ட மொரகஹகந்தத் திட்டத்தின் நோக்கங்களுள், வயலுக்கு நீர் பாய்ச்சுவதோடு குடிநீர் வழங்குவதும் ஒன்றாக வைக்கப்பட்டமைக்கு இத்தேவையும் காரணமாகும். ஆகவே மேட்டிலிருப்போர் தம் வீட்டைத் துப்புரவு செய்யும் முறை பள்ளத்திலிருப்போரின் குடத்தோடு தொடர்புடையதாகின்றது.

துப்புரவு செய்தல் என்பது அழுக்கை அழித்தல் அன்று. அதனை ஓரிடத்திலிருந்து வேறோரிடத்துக்கு மாற்றுதலேயாகும். விளக்குமாறு புழுதியை மூலைக்கு மாற்றுகிறது. நீர் எண்ணெய்ப்பிசுக்கைக் கானுக்கு மாற்றுகிறது. தீ குப்பையைப் புகையாக மாற்றிப் பக்கத்து வீட்டாரின் நெஞ்சுக்குள் அனுப்புகிறது. எனவே வீட்டைத் துப்புரவு செய்ய நினைப்பவர், எதனால் தேய்ப்பது என்பதற்கு முன், தேய்த்ததை எங்கே விடுவது என்று சிந்தித்தல் நன்று. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் பலவகை அழுக்கையும் தின்று செரிக்க வல்லவை. ஓடும் நீருக்கு அந்த வலிமை குறைவு.

முன்னோர் இதனை அறிவியல் நூல்களைப் பயின்று அறிந்தாரல்லர். எனினும் அவர்கள் கையாண்ட பொருள்களுள் பல, ஆய்ந்து பார்க்குமிடத்துக் காரணமுடையனவாகவே காணப்படுகின்றன. அடுப்புச் சாம்பலை எடுத்துக்கொள்வோம். விறகுச் சாம்பலில் பொற்றாசியம் காபனேற்று என்னுங் காரப்பொருள் உண்டு. அது நீரோடு சேர்ந்து எண்ணெய்ப்பசையைத் தாக்கி, அதில் ஒரு சிறு பகுதியைச் சட்டியிலேயே சவர்க்காரமாக்கிவிடுகிறது. எஞ்சிய நுண்துகள் கரியைத் தேய்த்தெடுக்கிறது. துணி வெளுத்தலிலும் இதே நெறிதான். களர்நிலத்திற் கிணறு தோண்டி, அதன் நீரிலே நாடோறும் ஆடை வெளுத்த பெண்ணைப் பற்றிய குறிப்புப் புறநானூற்றில் இருக்கிறது. களர்மண்ணிலும் உவர்மண்ணிலும் சலவைச் சோடாவை ஒத்த உப்புக்கள் இயல்பாகவே படிந்துள்ளன. உழவனுக்குப் பயன்படாத நிலம் வண்ணாருக்குப் பயன்பட்டது.

ஆயினும் பழையன யாவும் நல்லன என்று கொள்வதற்கில்லை. சாணத்தைப் பற்றி ஒரு சொல் கூறியாகல் வேண்டும். மண்தரையுள்ள வீட்டில் சாணத்தைக் கரைத்து மெழுகினால், அதிலுள்ள நார் புழுதியைப் பிணித்து வெடிப்பை அடைக்கும். தரை காலுக்கு மெத்தென்று இருக்கும். இப்பயன் உண்மையானது. ஆனால் சாணம் கிருமிகளைக் கொல்லும் என்று மேடைதோறும் முழங்குவது உண்மையன்று. புதுச்சாணத்தில் மாட்டின் குடலிலுள்ள நுண்ணுயிர்கள் நிறைந்திருக்கும். ஏற்புவலிக் கிருமியின் வித்துக்களும் இருத்தல் கூடும். தவழும் குழந்தையோ ஆறாத புண்ணுடையவரோ உள்ள வீட்டில் அது தவிர்க்கத்தக்கது. சீமெந்துத் தரைக்கோ அது வேண்டுவதேயில்லை.

இனி, கடைகளில் விற்கப்படும் சலவைத்தூளின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். முதலாம் உலகப் போர்க்காலத்தில் ஜேர்மனி நாட்டிற் கொழுப்புக்குப் பஞ்சம் ஏற்பட்டது. கொழுப்பின்றேற் சவர்க்காரம் இல்லை. அந்நெருக்கடியில் இரசாயன அறிஞர்கள் செயற்கை அழுக்ககற்றிகளை ஆக்கினர். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1946ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 'டைட்' என்னுந் தூள் விற்பனைக்கு வந்தது. துணி நன்றாகவே வெளுத்தது. ஆனால் சில ஆண்டுகளுள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆறுகள் நுரைத்தன. மதகுகளுக்குக் கீழே ஆளுயரத்துக்கு நுரை திரண்டு காற்றிற் பறந்தது. அக்காலத் தூளிலிருந்த பொருளின் அணுச்சங்கிலி கிளைவிட்டுக் கிளைவிட்டு அமைந்திருந்தமையால், பற்றீரியாக்களால் அதனை எளிதிற் சிதைக்க இயலவில்லை. ஜேர்மனி 1961ஆம் ஆண்டிற் சட்டம் இயற்றியது. 1965ஆம் ஆண்டளவில் அமெரிக்க உற்பத்தியாளரும் நேர்ச்சங்கிலியுடைய, எளிதிற் சிதையும் பொருளுக்கு மாறினர். நுரை தணிந்தது.

நுரை கண்ணுக்குத் தெரிந்த தீங்கு. அதனால் விரைவில் தீர்ந்தது. தெரியாத தீங்கு வேறொன்று இருந்தது. கடினநீரை மென்மையாக்கும் பொருட்டுத் தூளிலே பொசுபேற்று உப்புக்கள் சேர்க்கப்பட்டன. பொசுபரசு பயிருக்கு உரம், பாசிக்கும் அஃதே. கனடா நாட்டில் 226 என்னும் இலக்கமிட்ட ஓர் ஏரி உண்டு. நடுவில் ஒடுங்கி, இரு பகுதிகளாக அமைந்தது. டேவிட் ஷிண்ட்லர் என்னும் அறிஞரும் அவருடைய குழுவினரும் 1973ஆம் ஆண்டில் அவ்வொடுக்கத்திலே ஒரு திரையைக் கட்டி இரு பகுதிகளையும் பிரித்தனர். ஒரு பகுதியில் காபனும் நைதரசனும் இட்டனர். மற்றைப் பகுதியில் அவ்விரண்டோடு பொசுபரசையும் இட்டனர். முன்னையது தெளிவாகவே இருந்தது. பின்னையது சில கிழமைகளுள் பச்சைக் குழம்பாயிற்று. வானிலிருந்து எடுத்த நிழற்படத்தில், ஒரே ஏரியின் பாதி நீலமாகவும் பாதி பச்சையாகவும் கிடந்த காட்சியைக் கண்டபின், தூள் உற்பத்தியாளரின் மறுப்புரைகள் எடுபடவில்லை. கண்டி வாவியிலும் நீலப்பச்சைப் பாசி பெருகி நீரைக் கெடுத்ததுண்டு. அப்பாசியின் சில இனங்கள் நஞ்சு சுரப்பவை. அது மடிந்து அழுகும்போது நீரிலுள்ள ஒட்சிசனைப் பற்றீரியாக்கள் தீர்த்துவிடுவதால் மீன்கள் மூச்சற்று மிதக்கும்.

இதனாற் சலவைத்தூளே கூடாதென்பது பெறப்படாது. எவ்வளவு தேவை என்பதே வினா. மாத்தளை மாவட்டம் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. இரத்தோட்டை, எல்கடுவைப் பக்கத்து மலையூற்று நீர் மென்னீர். அதிற் சிறிதளவு சவர்க்காரம் போட்டாலே நுரை பொங்கும். தம்புள்ளை, கலேவெலப் பக்கத்துக் கிணற்று நீரோ கடினநீர். அங்கே சவர்க்காரம் நுரைக்காது திரைந்து, துணியிற் சாம்பல்நிறப் படிவாக ஒட்டும். பொதியின்மேல் அச்சிடப்பட்ட அளவு இவ்விரு நீருக்கும் பொதுவாக எழுதப்பட்டது. மலைநாட்டு வீட்டில் அதிற் பாதி போதும். மீதி, பணத்தோடு ஆற்றிற் போகிறது. கடினநீர் உள்ள வீட்டில், தூளை அள்ளிக் கொட்டுவதற்குப் பதிலாகச் சலவைச் சோடாவை ஒரு கரண்டி முன்னதாகக் கரைத்துவிட்டால், நீர் மென்மையாகிச் சவர்க்காரம் தன் வேலையைச் செய்யும். மழைநீரைச் சேர்த்துவைத்து வெள்ளைத்துணிக்குப் பயன்படுத்துவோர் அக்கரண்டிச் சோடாவும் இன்றியே காரியத்தை முடித்துவிடுகின்றனர்.

சமையலறையிற் கடைப்பிடிக்கவேண்டிய முதல் விதி, நீரைத் தொடுமுன் வழித்தெடுத்தல். எண்ணெயும் குழம்பும் ஒட்டிய சட்டியை அப்படியே குழாயின்கீழ்ப் பிடித்தால், பிசுக்கெல்லாங் குழாய்க்குள் இறங்கி உறைந்து அதனை அடைக்கும். அடைப்பை நீக்க மேலும் கடுமையான காரத்தை வாங்கி ஊற்ற நேரும். பழைய தாளாலோ வாழைச்சருகாலோ ஒரு முறை வழித்துக் குப்பைக் குழியில் இட்டுவிட்டால், பின்னர் வெந்நீரும் சிறிது சவர்க்காரமும் போதும். தேய்ப்பதற்குத் தேங்காய்ப் பொச்சு இருக்கிறது. கொடியிலேயே முற்றிக் காய்ந்த பீர்க்கங்காயின் கூடு இன்னும் நல்லது. மண்சட்டிக்கும் பீங்கானுக்கும் ஏற்றது. கடைகளில் விற்கும் நிறநிறமான பஞ்சுகள் தேயத்தேய நுண்ணிய பிளாத்திக்குத் துகள்களை உதிர்க்கின்றன. பீர்க்கங்கூடு தேய்ந்தால் எருக்குழியில் மண்ணாகிறது.

காஸ் அடுப்பு வந்துவிட்ட வீட்டிற் சாம்பலுக்கு எங்கே போவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. சாம்பல் கிடையாத வீட்டிற் சலவைச் சோடாவை நீரிற் குழைத்துப் பூசி, கால்மணி நேரம் விட்டுத் தேய்த்தால் அதே பலன் கிட்டும். இரண்டிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. அலுமினியப் பாத்திரத்தைக் காரம் அரிக்கும். சாம்பலாயினும் சோடாவாயினும் அதன்மீது நெடுநேரம் இருத்தலாகாது. கறுத்த அலுமினியத்துக்குப் புளிப்பே மருந்து. தேசிக்காய்த் தோலை நீரிலிட்டு அப்பாத்திரத்திலேயே கொதிக்கவைத்தால் கறுப்பு நீங்கும்.

பித்தளைக்கும் செம்புக்கும் புளிப்பேயாகும். களிம்பு என்பது செம்பு காற்றோடு கூடிப் பெற்ற மேற்பூச்சு. புளியிலுள்ள அமிலமும், தேசிக்காயிலுள்ள சித்திரிக் அமிலமும் அதனைக் கரைக்கின்றன. மாத்தளைத் தோட்டக்காணிகளிற் கொறக்காய் மரம் வளர்கிறது. மீன்கறிக்குப் போட்டு எஞ்சிய கொறக்காயை எறியாது, உப்போடு சேர்த்துக் குத்துவிளக்கைத் துலக்கும் வழக்கம் அயலவரான சிங்கள மக்களிடம் உண்டு. தமிழ் வீட்டுப் பழம்புளிக்கு அது சற்றும் இளைத்ததன்று.

மலசலகூடத்தைப் பற்றிப் பேச வானொலியிற் கூச்சம் எதற்கு? வீட்டில் மிகக் கடுமையான பொருள்கள் ஊற்றப்படும் இடம் அதுதான். விபத்து நிகழ்வதும் அங்கேதான். மலசலகூடங் கழுவும் திரவங்கள் பலவற்றில் ஐதரோகுளோரிக் அமிலம் உள்ளது. வெளிற்றும் திரவத்தில் குளோரீனைத் தரும் உப்பு உள்ளது. ஒன்று மட்டும் ஊற்றினால் அழுக்குப் போகிறதே, இரண்டையும் ஊற்றினால் இன்னும் நன்றாகப் போகுமே என்று எண்ணி, கதவையும் சாத்திக்கொண்டு இரண்டையுங் கலப்பவர் உளர். அக்கணமே குளோரீன் வாயு எழும். முதலாம் உலகப் போரிற் படைவீரரைக் கொல்லப் பயன்பட்ட வாயு அதுவே. வினாகிரியும் அமிலமே, அதனையும் வெளிற்றும் திரவத்தோடு சேர்த்தலாகாது. அமோனியா கலந்த பொருளோடு சேர்த்தாலும் வேறொரு நச்சு வாயு தோன்றும். இதனை வீட்டிலுள்ள இளையோருக்கும் வேலைக்கு வருவோருக்கும் வாய்விட்டுச் சொல்லிவைத்தல் வேண்டும். போத்தலின்மேல் உள்ள பொடியெழுத்தை எவரும் படிப்பதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. மாத்தளையில் மிகப்பல வீடுகளின் கழிவு, வளவுக்குள்ளே தோண்டப்பட்ட குழிக்கே செல்கிறது. அக்குழியை இயக்குபவை பற்றீரியாக்கள். போத்தல் போத்தலாகக் கிருமிகொல்லியை ஊற்றினால், கொல்லப்படுபவை வீட்டுக்கு ஊழியஞ் செய்யும் அவ்வுயிர்களே. குழி செரிக்க மறுத்து நிரம்பும், நாற்றமெடுக்கும், நாற்றத்துக்கு மேலும் ஒரு போத்தல் வாங்கப்படும். நாள்தோறும் தும்புத்தடியால் தேய்த்து நீரூற்றும் வீட்டில் கறை படிவதற்கே இடமில்லை. படிந்த மஞ்சட்கறைக்கு வினாகிரியை இரவில் ஊற்றிவைத்துக் காலையில் தேய்த்தல் போதும். வீட்டில் எவருக்கேனும் வயிற்றோட்டமோ தொற்றுநோயோ கண்டபோது வெளிற்றும் திரவத்தை அளவாகப் பயன்படுத்தத் தடையில்லை. மருந்துக்குரிய இடம் அதற்கு உண்டு, உணவுக்குரிய இடம் இல்லை.

அண்மைக் காலத்தில், வினாகிரியையும் அப்பச்சோடாவையும் ஒன்றாகக் கலந்து ஊற்றினால் எதுவும் துப்புரவாகும் என்றொரு செய்தி கைபேசிகளின் வழியே உலாவுகிறது. கலந்தவுடன் பொங்குவதைக் கண்டு மக்கள் வியக்கின்றனர். பொங்குவது வாயு, எஞ்சுவது வலுவிழந்த உப்புநீர். அமிலம் காரத்தை அழித்தது. காரம் அமிலத்தை அழித்தது. அழுக்கு அப்படியே இருந்தது. அப்பச்சோடாவைத் தனியே தேய்த்துக் கழுவியபின் வினாகிரியைத் தனியே பயன்படுத்தினால் இரண்டும் பயன்தரும்.

இயற்கைப் பொருளாயின் தீங்கிராது என்பதும் அத்தகையதொரு மயக்கமே. மாத்தளை வாசனைத் திரவியங்களுக்குப் பேர்போன மண். கறுவா இலையெண்ணெயிலும் கராம்பெண்ணெயிலும் யூஜினோல் என்னும் பொருள் மிகுதியாக உண்டு. அது கிருமிகளை ஒடுக்க வல்லது. தரை துடைக்கும் ஒரு வாளி நீரில் சில துளிகள் விடுவது நன்று. கலக்காத எண்ணெயோ தோலைப் புண்ணாக்கும். கண்ணிற் பட்டால் பெருந்துன்பந் தரும். வறண்ட பகுதிகளில் வளரும் பூந்திக்கொட்டையை ஊறவைத்துப் பட்டுத்துணி கசக்குவோர் உண்டு. அதன் நுரைக்குக் காரணமான சபோனின், மீனுக்கு நஞ்சு. அவ்வகைக் காய்களை இடித்து நீர்நிலையிற் கலந்து மீன்பிடித்த சமுதாயங்கள் பல. ஆகவே பூந்திநீரையும் ஓடையில் விடலாகாது, வாழையடியில் விடலாம். வாழைக்கு வேண்டியது ஈரம். சமையலறைக்குப் பின்னே வாழை நட்டு, கழுவுநீரை அதன் பாத்திக்குத் திருப்பிய பழைய வீட்டமைப்பிலே, கிணற்றுக்கும் ஓடைக்கும் எட்டிய இடத்தில், மண்ணுக்கு அழுக்கைச் செரிக்கும் வேலை கொடுக்கப்பட்டிருந்தது.

இவையெல்லாம் வளவும் வாழைத்தோட்டமும் உள்ளவர்களுக்குச் சொல்லத்தக்க யோசனைகள். தோட்டத்து லயன்களில் வாழ்பவர்களுக்கு என்ன சொல்வது? கோப்பிக்காலத்தில், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்துவந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான காம்பராவும், முன்னே ஓர் இஸ்தோப்பும், பல குடும்பங்களுக்குப் பொதுவான பீலியும் என்னும் அமைப்பு இன்னும் பல தோட்டங்களில் நீடிக்கின்றது. அங்கே கழுவுநீர் ஓடும் கான், அடுத்த லயத்தின் பீலிக்கு மேலாக ஓடுமாயின், குற்றம் கழுவியவளுடையதன்று. பகல் முழுவதும் மலையிற் கொழுந்தெடுத்து, மாலையிற் பீலியடியில் வரிசையில் நின்று, இருட்டுமுன் பாத்திரந் துலக்கும் பெண்ணுக்குச் சுற்றாடல் உபதேசஞ் செய்வது எளிது. கானைக் கட்டிக்கொடுப்பதுதான் அரிது. நீரூற்றைச் சுற்றி வேலியும், துணி துவைக்கக் கீழ்ப்புறத்தில் ஒரு கல்லும், கழிவுநீர் இறங்க ஒரு கற்குழியும் அமைத்தால், அத்தோட்டத்தின் அரைவாசி நோய் குறையும். இவற்றைச் செய்யவேண்டிய பொறுப்பு நிருவாகத்தாருக்கும் உள்ளூராட்சி மன்றங்களுக்கும் உரியது. துப்புரவைப் பற்றிய எந்தப் பேச்சும் பெண்ணின் கையிலுள்ள விளக்குமாற்றோடு முடிந்துவிடுமாயின் அது பாதிப்பேச்சேயாகும். அவ்விளக்குமாற்றை வீட்டிலுள்ள ஆடவரும் ஏந்தலாம் என்பதையும் இவ்விடத்திற் சொல்லிவைப்பது தவறாகாது.

கூட்டிச் சேர்த்த குப்பைக்கு வருவோம். அதற்கு நெருப்பு வைப்பதே பலருடைய வழக்கம். பொலித்தீனும் பிளாத்திக்கும் எரியும் புகை நஞ்சு. 2017ஆம் ஆண்டு ஏப்பிரல் 14ஆம் தேதி, புத்தாண்டு நாளன்று, கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து வீடுகளை மூடிப் பலருயிரைக் கொண்டபின், நாடு விழித்தது. அவ்வாண்டு செப்டெம்பர் முதல், மெல்லிய பொலித்தீனும், திறந்தவெளியிற் பிளாத்திக்குக் கழிவை எரித்தலும் தடைசெய்யப்பட்டன. 2021ஆம் ஆண்டில், உணவும் மருந்தும் அல்லாத பொருள்களை அடைக்கும் சிறு பைக்கற்றுகளும் தடைப்பட்டியலிற் சேர்ந்தன. சட்டம் ஏட்டிலிருக்க, மாலைவேளையிற் கோடிப்புறங்களிலிருந்து எழும் கரும்புகை எழுந்துகொண்டே இருக்கிறது.

மாத்தளை நகரம் இத்துறையில் ஒரு நல்ல முன்மாதிரியைக் கண்ட நகரம் என்பதை நகரத்தாரே பலர் மறந்துவிட்டனர். 2007ஆம் ஆண்டில் மாத்தளை மாநகர சபையும், செவனத என்னுந் தொண்டு நிறுவனமும், ஐக்கிய நாடுகள் சபையின் ஆசிய பசுபிக் பொருளாதார சமூக ஆணைக்குழுவின் துணையோடு, கொஹொம்பிலிவெலப் பகுதியில் ஒரு கூட்டெரு நிலையத்தைத் தொடங்கின. வங்காளதேசத்தின் டாக்கா நகரில் 'வேஸ்ட் கன்சேர்ன்' என்னும் அமைப்பு வகுத்த முறை அங்கே பின்பற்றப்பட்டது. ஊருக்கு வெளியே பெருமலையாகக் கொட்டாமல், குடியிருப்புக்கு அருகிலேயே சிறிய அளவிற் சேர்த்து, உக்குவனவற்றை எருவாக்கி விற்பதும், உக்காதனவற்றைப் பிரித்து மீளப் பயன்படுத்துவதும் அம்முறையின் சாரம். இந்நாட்டு வீட்டுக் குப்பையிற் பாதிக்கு மேற்பட்டது காய்கறித்தோலும் சோறும் இலைதழையுமேயாதலால், அவற்றைப் பிரித்துவிட்டாற் சுமையின் பெரும்பகுதி இறங்கிவிடுகிறது.

அத்தகைய நிலையத்தின் வெற்றி இயந்திரத்தில் இல்லை. சமையலறைக் கதவருகே வைக்கப்பட்ட இரண்டு வாளிகளில் இருக்கிறது. உடைந்த கண்ணாடித்துண்டு ஒன்றும், தீர்ந்த மின்கலம் ஒன்றும் சோற்று வாளியில் விழுந்துவிட்டால் அந்த எருவை எந்த விவசாயி கையாலள்ளித் தூவுவான்? வளவுள்ள வீட்டார் நிலையத்தை எதிர்பார்க்கவும் வேண்டுவதில்லை. ஒரு முழக் குழியில் காய்கறித்தோலும் சருகும் மாறிமாறி இட்டு மூடி, ஈரங் குறையாமற் பார்த்தால், சில மாதங்களில் மிளகுக்கொடிக்கும் கோப்பிச்செடிக்கும் உரமாகும்.

வீட்டுத் துப்புரவில் உயிரோடு நேரே தொடர்புடைய பணி ஒன்று எஞ்சியுள்ளது. அதற்கு எவ்வகைத் தூளும் திரவமும் வேண்டா. டெங்கு நுளம்பு பெருங்குளத்தை நாடுவதில்லை. வீட்டிலும் வளவிலும் தேங்கிய தெளிந்த சிறுநீர்த் தேக்கங்களையே நாடுகிறது. பூச்சாடி, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு, கோழிக்கு வைத்த நீர்ச்சட்டி, சிரட்டை, கூரைப்பீலியிற் சிக்கிய சருகு ஆகியவை அதன் மகப்பேற்று மனைகள். முட்டை நுளம்பாக ஏறக்குறைய ஒரு வாரமே செல்லும். நீரைக் கவிழ்த்துவிட்டால் முடிந்தது என்று எண்ணுவோர் பலர். முடியவில்லை. அந்நுளம்பு முட்டைகளை நீரில் இடுவதில்லை; நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிவைக்கிறது. அவை பல மாதங்கள் காய்ந்து கிடந்தும் சாவதில்லை. அடுத்த முறை நீர் ஏறியதும் பொரிக்கும். ஆதலின் கவிழ்த்தபின் உட்சுவரைப் பொச்சாலோ தூரிகையாலோ அழுத்தித் தேய்க்கவேண்டும். வாரம் ஒருமுறை தவறாது தேய்க்கவேண்டும்.

சாமித் தட்டிலுள்ள பூச்சாடியிலிருந்து தொடங்கலாம். தேர் பார்க்கப் புறப்படுமுன் புதிய பூ வைப்பதற்காக அது எப்படியும் கையிலெடுக்கப்படும். பழைய நீரை வாழையடியில் ஊற்றி, உட்புறத்தை ஒரு சுற்றுத் தேய்த்துக் கழுவ ஐந்து நிமிடம் போதும்.